சிலோன் போகும் மலைக்காரர்களுக்கு: மருந்துப் பை பற்றிக் கேள்வி பதில்

டிசம்பர் பௌர்ணமியோடு இலங்கையின் சிவனொளிபாதமலையில் ஏறும் யாத்திரை சீசன் தொடங்குகிறது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கமிருந்து அட்டன், நுவரெலியா, பதுளைக்குச் சொந்தபந்தம் பார்க்கக் கிளம்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர் தடுப்பூசி அறையிலும் வார்டிலும் வேலை பார்த்த குன்னூர் சிஸ்டர்.

கோத்தகிரி: சிஸ்டர், அடுத்த மாசம் அம்மாவைக் கூட்டிட்டு அட்டன்ல சித்தப்பா வீட்டுக்குப் போறோம். என்னென்ன ஊசி போடணும்?

இந்தியாவிலிருந்து இலங்கை போக எந்த ஊசியும் கட்டாயமில்லை. போட்டுக்கொண்டால் நல்லது என்றால் டைபாய்டு கான்ஜுகேட் ஒரு டோஸ், கிளம்ப இரண்டு வாரம் முன்னால். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் டிடி ஒன்று. ஹெபடைட்டிஸ் ஏ என்ற மஞ்சள் காமாலைக்கான ஊசி அம்மாவுக்குத் தேவைப்படாது. அந்தத் தலைமுறையில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே வந்து போயிருக்கும். வடிகட்டிய தண்ணீரில் வளர்ந்த உங்கள் பிள்ளைகளுக்குத்தான் அதை யோசிக்க வேண்டும்.

அட்டனைப் பற்றிப் பயப்படாதீர்கள். குளிரும் தேயிலையும் நம் ஊர் மாதிரிதான். ஆனால் விமானம் இறங்குவது கட்டுநாயக்கவில், கடல் மட்டத்தில். அங்கிருந்து கொழும்பில் அத்தை வீட்டில் இரண்டு நாள் தங்குவீர்கள் இல்லையா, கவனம் வேண்டியது அந்த இரண்டு நாளுக்குத்தான்.

குன்னூர்: மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட கார்டு இல்லாம விடமாட்டாங்கன்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்றார்.

ஆப்பிரிக்காவிலிருந்தோ தென் அமெரிக்காவிலிருந்தோ, அந்த நோய் உள்ள நாடு வழியாகப் போகிறவர்களுக்குத்தான் அது. பக்கத்து வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டிருக்கிறார். இரண்டும் வேறு.

ஊட்டி: எனக்கு இன்சுலின். இங்க ஃபிரிட்ஜே இல்லாம அலமாரியில வச்சிருக்கேன், ஒண்ணும் ஆகல. அங்கயும் அப்படியே வைக்கலாமா?

வைக்கக் கூடாது ஐயா. திறந்த பேனா மருந்து பெரும்பாலும் 30 டிகிரிக்குள் 28 நாள் தாங்கும். ஊட்டி அலமாரியே ஒரு ஃபிரிட்ஜ், அதனால்தான் இதுவரை பிரச்சினை தெரியவில்லை. கொழும்பில் பகலில் 31, 32 சாதாரணம். நிறுத்திய காருக்குள் இன்னும் மோசம். கெட்ட மருந்து பார்வைக்கு நல்ல மருந்து மாதிரியே இருக்கும். சர்க்கரை ஏறும்போதுதான் தெரியும்.

விமானத்தில் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியோடு அடியில் போட்டால் உறைந்துவிடலாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் இளகினாலும் உதவாது. விடுதி ஃபிரிட்ஜில் கதவுப் பக்கத்துத் தட்டு சரி, ஃப்ரீசரை ஒட்டி வேண்டாம். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் பெரிய மண்சட்டிக்குள் சின்னச் சட்டி, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. காலை மாலை மணலை நனைத்து, காற்றாடும் நிழலில் வையுங்கள். பஸ்ஸில் போகும்போது வாயகன்ற ஃபிளாஸ்க்கைக் குளிர்ந்த நீரில் அலசிக் கொட்டிவிட்டு, மருந்தைத் துணியில் சுற்றி உள்ளே வையுங்கள். ஐஸ் நேராகப் படக் கூடாது.

குப்பியும் சிரிஞ்சும் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். நம் ஊரில் 40 யூனிட் குப்பி (ஒரு மில்லியில் 40 யூனிட்) உண்டு, அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. அங்கே மருந்து தீர்ந்து 100 யூனிட் குப்பி வாங்கினால் ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் சேர்த்து வாங்க வேண்டும். 100 மருந்தைப் பழைய சிவப்பு மூடி சிரிஞ்சில், வழக்கமான கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது இரண்டரை மடங்கு. ராத்திரி போட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்காமலே போகலாம். போகும் நாளுக்கு இரண்டு மடங்கு மருந்தை இங்கிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரைக்கு டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை சாப்பிடுகிறவரானால், வாந்தி பேதி வந்த நாளில் அதை நிறுத்தி வைப்பது பற்றி டாக்டரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கூடலூர்: காய்ச்சல், உடம்பு வலின்னா என்ன மாத்திரை கொண்டு போறது?

பாரசிட்டமால் மட்டும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் பையில் வேண்டாம். டெங்குவாக இருந்தால் அவை ரத்தக்கசிவைக் கிளப்பிவிடும். இதயத்துக்காக டாக்டர் எழுதிய ஆஸ்பிரின் வேறு விஷயம். அதைச் சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய், ஆஸ்பிரின் சாப்பிடுவதை முதலில் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. அங்கே பாரசிட்டமாலுக்குப் பெயரே பனடோல்தான். நீங்கள் டோலோ 650 போட்டிருப்பீர்கள், சித்தி அன்போடு இரண்டு பனடோல் கொடுப்பார், நடுவில் சளி மாத்திரை ஒன்று. மூன்றிலும் ஒரே மருந்து. பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டினால் ஈரலுக்குக் கேடு. 650 என்றால் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, நாளைக்கு நாலு, அதோடு சரி.

ஊட்டி: நுவரெலியாவிலயும் கொசு இருக்குமா? கொசுவர்த்தி போதாதா?

நுவரெலியாவில் குறைவு. கொழும்பு, கம்பஹா பக்கம்தான் டெங்கு அதிகம். 2017இல் நாடு முழுக்க ஒரே வருடத்தில் 1,86,000 பேருக்கு வந்தது. அந்தக் கொசு பகலில் கடிக்கும், காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்பும் மும்முரமாக. ராத்திரி கொசுவர்த்தி ஏற்றிவிட்டு விடிந்ததும் அரைக்கால் டவுசரோடு வாசலில் டீ குடித்தால் என்ன பயன்? டீட் என்ற கொசு விரட்டி மருந்து 20 முதல் 30 சதவீதம் உள்ள களிம்பு வாங்குங்கள். வெயில் கிரீம் முதலில், அது காய்ந்த பிறகு கொசுக் களிம்பு. கணுக்கால், பாதத்தை மறக்காதீர்கள். வியர்த்தால் திரும்பத் தடவ வேண்டும். மலைக்காரர்கள் அங்கே வியர்வையில் குளிப்பீர்கள்.

குன்னூர்: சிஸ்டர், மலேரியா மாத்திரையைப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே? எனக்கு கோயமுத்தூர்ல குளோரோகுயின் எழுதிக் குடுத்திருக்காங்க.

தேவையில்லை. உள்ளூர் மலேரியா அங்கே 2012 அக்டோபரோடு நின்றது. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்று கொடுத்துவிட்டது.

கூடலூர், பெரியவர் ஒருவர்: அம்மா, அப்படி லேசாச் சொல்லாதீங்க. எங்க தாத்தா காலத்துல சிலோன்ல காய்ச்சல்ல வீடு வீடா செத்தாங்க.

உண்மைதான் ஐயா. 1934-35இல் சுமார் 80,000 பேர் போனார்கள். மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாக நின்றன. அந்தக் குட்டைகளில் கொசு பெருகியது. ஆனால் அது தொண்ணூறு வருடக் கதை.

குன்னூர்: ஒழிஞ்சதுன்னு சொன்னது திரும்ப வராதா? முன்னாடியும் அப்படித்தானே சொன்னாங்க?

நல்ல கேள்வி. 1963இல் நாடு முழுக்கப் பதினேழே பேருக்கு என்று இறங்கியது. மருந்தடிப்பதை விட்டார்கள், ஐந்தாறு வருடத்தில் லட்சக்கணக்கில் திரும்ப ஏறியது. அதனால்தான் இப்போது அவர்கள் ஒவ்வொரு காய்ச்சலையும் துரத்துகிறார்கள். யாரிடமிருந்து வரும் என்று துரத்துகிறார்கள் தெரியுமா? நம்மிடமிருந்து. இங்கே மலேரியா இருக்கிறது. கீழே சென்னையில் நாலு நாள் தங்கிக் கடி வாங்கிக்கொண்டு போகிறவர்தான் அங்கே விதைக்க முடியும். ஆகவே அங்கே காய்ச்சல் வந்தால் முதல் வாக்கியமே "இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன்" என்று இருக்கட்டும். ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள்.

குன்னூர்: அப்ப ஒரு பாதுகாப்புக்கு மாத்திரை போட்டா தப்பில்லையே?

இல்லாத நோய்க்கு மாத்திரை, குமட்டல் இலவசம். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இலங்கைதான் போகிறேன் என்று சொன்னீர்களா, வெளிநாடு என்று மட்டும் சொன்னீர்களா? திரும்பக் கேளுங்கள். மலேரியா இத்தோடு போதும், குழந்தைக் கேள்வி ஒன்று காத்திருக்கிறது.

கோத்தகிரி: மூணு வயசுப் பையன். வெளியூர் போனா பேதி ஆயிடும்.

ஓஆர்எஸ் பொட்டலம் ஆறு, ஜிங்க் ஒரு பாட்டில் எடுத்துக்கொள். தப்பு நடப்பது கலக்குவதில்தான் தங்கச்சி. பெரிய பொட்டலம் 20.5 கிராம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு. சின்னது 200 மில்லிக்கு. பெரியதை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு அதிகமாகி, பேதியைவிட அதுவே ஆபத்து. வீட்டிலேயே ஒரு லிட்டர் பாட்டிலைக் கழுவிப் பையில் வைத்துவிட்டால் அளவு தேட வேண்டாம். கொதித்து ஆறிய நீரில் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுத் திரும்பக் கொடு. 24 மணி நேரத்துக்கு மேல் போனதைக் கொட்டிவிடு. கடை அட்டைப்பெட்டி ஜூஸ் ஓஆர்எஸ் ஆகாது, அது சர்க்கரைத் தண்ணீர். ஜிங்க் நாளைக்கு 20 மில்லிகிராம், பதினாலு நாள், பேதி நின்ற பிறகும். பேதியை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரை குழந்தைக்குக் கூடவே கூடாது. மலத்தில் ரத்தம், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றால் ஆஸ்பத்திரி.

குன்னூர்: இலங்கைக்கு என்ன ஊசி போடணும்?

முதல் பதில்.

கொடைக்கானல்: விசா ஆன்லைன்ல எப்படி எடுக்கிறது?

ஊசி, மாத்திரை தவிர வேறு எதற்கும் நான் ஆளில்லை. டிராவல்ஸில் கேளுங்கள்.

கோத்தகிரி: மேட்டுப்பாளையம் இறங்கறதுக்குள்ளயே எனக்கு வாந்தி.

கிளம்ப ஒரு மணி நேரம் முன் அவோமின் ஒன்று. வண்டி ஓட்டாதீர்கள், தூக்கம் வரும்.

ஊட்டி: அப்பாவுக்கு 64 வயசு, பிபி இருக்கு. சிவனொளிபாதம் ஏறணும்னு ஆசை. மூச்சுத் திணறுமா?

உச்சி 2,243 மீட்டர், ஊட்டி உயரம்தான். உயரத்தால் உங்கள் அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது. சோதனை 5,500 படிகள்தான், அதுவும் தூக்கம் கெட்ட ராத்திரியில். வீட்டுப் படியில் இரண்டு மாடி ஏறும்போது நெஞ்சு இறுகினால் டிரெட்மில் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பிபி மாத்திரையில் நீர் பிரியும் மருந்து சேர்ந்திருந்தால் கொழும்பு வெயிலில் தலைசுற்றல் வரும். அளவை டாக்டர்தான் மாற்ற வேண்டும். அடிவார ஊரான நல்லதண்ணியிலிருந்து ஏறும்போது வியர்வையில் நனைந்த பனியனை உச்சியில் மாற்ற ஒரு உலர்ந்த பனியன் கொண்டு போங்கள், ஈரப் பனியன் விடியும் வரை நடுங்க வைக்கும். முட்டி போவது இறங்கும்போது. கம்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

கூடலூர்: காட்டுப் பக்கம் அட்டை, பாம்பு?

அட்டையை நகத்தால் ஓரமாகத் தள்ளிவிடுங்கள், உப்போ நெருப்போ வேண்டாம். கக்கிவிட்டுப் போகும், புண் சீழ் பிடிக்கும். கூடலூர்க்காரருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பாம்பில் ஒரு வித்தியாசம் உண்டு. மூக்கு நுனி மேலே தூக்கிய சின்ன விரியன் அங்கே நிறையக் கடிக்கிறது. நம் ஊர் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்குத்தான், இதற்குக் கேட்காது. சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியது. எட்ட நின்று ஒரு போட்டோ எடுக்க முடிந்தால் டாக்டருக்கு உதவும், துரத்த வேண்டாம். கட்டுப் போடாமல், அசையாமல், 1990க்குப் போன் போடுங்கள். அங்கே ஆம்புலன்ஸ் இலவசம்.

குன்னூர்: நாய், குரங்கு?

நாய் கடித்தாலும் குரங்கு பிராண்டினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம், கடிகாரம் பார்த்து. பிறகு அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசி. ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும். "ஊருக்குப் போய்ப் போட்டுக்கலாம்" என்று தள்ளக் கூடாது. முதல் ஊசி அங்கே, மிச்சம் இங்கே. சீட்டைப் பத்திரமாகக் கொண்டு வாருங்கள்.

கோத்தகிரி: காய்ச்சல் வந்து மூணாம் நாள் விட்டுட்டா சரியாயிடுச்சுன்னு அர்த்தமா?

டெங்குவில் அப்போதுதான் முக்கியமான இரண்டு நாள் தொடங்குகிறது. காய்ச்சல் விட்டபின் விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறில் ரத்தம், துவண்டு படுப்பது, இதில் ஒன்று வந்தாலும் ஆஸ்பத்திரி. பப்பாளி இலைச் சாற்றையும் தட்டணு எண்ணிக்கையையும் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். டாக்டர் பார்ப்பது ரத்தம் கெட்டியாகிறதா என்பதைத்தான். ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தாலும் இதே கணக்கு. எங்கே போய் வந்தீர்கள் என்று சொல்லுங்கள், நம் மலையில் டாக்டருக்கு டெங்கு உடனே தோன்றாது.

ஊட்டி: படி ஏறிக் கால் வலிச்சா டைக்ளோஃபெனாக் ஒண்ணு போட்டுக்கலாம்ல?

இவ்வளவு எழுதியும்! களிம்பாக இருந்தால் முட்டியில் தடவுங்கள். மாத்திரைப் பட்டையை இப்போதே பையிலிருந்து எடுத்து அலமாரியில் வையுங்கள்.