பெண்ணையாற்றங்கரையில் 420 மீட்டர் புல்தரை: குட்டி விமானத்துக்குப் போதுமா?

கடலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஊருக்கு மேற்கே தென்பெண்ணை ஆற்றங்கரையில் எங்கள் குடும்ப நிலம் இருக்கிறது. ஆற்றோடு சேர்ந்தாற்போல கிழக்கு மேற்காக 420 மீட்டர் நீளம், கிழக்குக் கோடியில் தென்னந்தோப்பு. இரண்டு பேர் உட்காரும் 600 கிலோ லைட் ஸ்போர்ட் விமானம் ஒன்றை விலை பேசிக்கொண்டிருக்கிறேன். 15 மீட்டர் உயரத் தடையைத் தாண்டி ஏற 300 மீட்டர் போதும் என்று அதன் கையேடு சொல்கிறது. வார இறுதியில் புதுச்சேரியிலிருந்து மனைவியோடு பறந்துபோய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வர ஆசை. 420 மீட்டர் போதும்தானே? அமெரிக்காவில் வாங்கிய ஸ்போர்ட் பைலட் லைசென்ஸ் கையில் இருக்கிறது."

போதாது. இரண்டு பேர் ஏறினால் போதாது. ஆனால் ஆசையை விடச் சொல்லவில்லை, கணக்கைப் பார்த்தால் எங்கே சரிசெய்யலாம் என்று தெரியும்.

இந்த மாதிரி இடத்தில் எல்லோரும் முதலில் யோசிப்பது இறங்குவதைப் பற்றித்தான். சிக்கல் திரும்பிக் கிளம்பும்போது வருகிறது. காலையில் காலியான டேங்க்கோடு அழகாக இறங்கிவிட்டு, மறுநாள் வெயிலில் இரண்டு பேரும் பெட்டியும் ஏறி அதே தரையிலிருந்து எழும்ப முடியாமல் நிற்பார்கள். அதனால் நீளத்தை அளப்பது ஏறுவதற்காக இருக்கட்டும்.

கையேட்டின் 300 மீட்டர் என்பது பொதுவாகப் புது விமானம், கெட்டியான தளம், 15 டிகிரி வெப்பம் என்று வைத்துப் போட்ட கணக்கு. கடலூரில் 15 டிகிரி எந்த மாதத்தில் பார்க்கிறீர்கள்? பிரிட்டிஷ் விமானத் துறை சின்ன விமானங்களுக்கு ஒரு பெருக்கல் முறை சொல்லியிருக்கிறது, நான் இதைத்தான் பல வருஷமாகப் பயன்படுத்துகிறேன். காய்ந்த புல்லுக்கு 20 சதவீதம் கூட்ட வேண்டும், வெப்பம் 10 டிகிரி ஏறினால் இன்னொரு 10 சதவீதம், கடைசியில் பாதுகாப்புக்காக மொத்தத்தையும் 1.33-ஆல் பெருக்க வேண்டும். 35 டிகிரி வெயிலில் முழு எடையோடு: 300 × 1.2 × 1.1 × 1.1 × 1.33. கிட்டத்தட்ட 580 மீட்டர் வருகிறது. உங்களிடம் இருப்பது 420.

கடல் மட்டத்தில்தானே இருக்கிறோம், காற்றெல்லாம் கனமாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் விமானத்துக்கு ஏறக்குறைய 120 அடி உயரம் கூடின மாதிரி. சித்திரை வெயிலில் 40 டிகிரி அடிக்கும்போது உங்கள் நிலம் ஆற்றங்கரையில்தான் கிடக்கும், எஞ்சினும் இறக்கையும் 3,000 அடி மலைமேல் நிற்பதுபோல நடந்துகொள்ளும்.

இப்போது எடையைக் குறைத்துப் பாருங்கள். எடை 10 சதவீதம் கூடினால் தூரம் 20 சதவீதம் கூடும் என்பது அதே முறையில் உள்ள விதி, குறைத்தால் அதேபோலக் குறையும். நீங்கள் மட்டும் பாதி டேங்க்கோடு, மொத்தம் 500 கிலோவில், விடிகாலை 25 டிகிரியில் கிளம்பினால் 366 மீட்டருக்கு வந்துவிடுகிறது. காகிதத்தில் இடம் இருக்கிறது. ஆனால் விடிகாலையில் புல் காய்ந்திருக்காதே! மார்கழி மாசம் உங்கள் நிலத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்து பாருங்கள், பாதி தூரத்திலேயே வேட்டி விளிம்பு முழங்கால் வரை நனைந்திருக்கும். ஈரப் புல்லுக்கு 30 சதவீதம் கூட்ட வேண்டும், 366 அப்படியே 396 ஆகிவிடும். இறங்கும்போது இன்னும் மோசம், ஈரப் புல்லில் 35 சதவீதம் கூடும். ஒட்ட வெட்டிய புல் நனைந்திருந்தால் வழுக்கல் தரைதான், பிரேக் இருந்தும் இல்லாத மாதிரி, 60 சதவீதம் வரைகூடப் போகலாம். வெயில் ஏறிப் பனி காய்ந்ததும் இறங்குங்கள்.

தென்னந்தோப்பு விஷயத்துக்கு வருகிறேன். கையேடு சொல்லும் தடை 15 மீட்டர், வளர்ந்த தென்னை 20 மீட்டர் சுலபமாக இருக்கும். வெயிலில் 60 நாட் (மணிக்குச் சுமார் 110 கிலோமீட்டர்) வேகத்தில் நிமிஷத்துக்கு 500 அடி ஏறினால் 12 மீட்டர் முன்னே போக 1 மீட்டர்தான் உயரம் கிடைக்கும், அந்தக் கூடுதல் 5 மீட்டருக்கே இன்னொரு 60 மீட்டர் ஓடிப்போகும். தோப்பை வெட்டச் சொல்ல எனக்கு மனசு வராது. அதற்குப் பதில் மேற்குப் பக்கத்து நிலத்துக்காரரிடம் 200 மீட்டர் குத்தகைக்குக் கேட்டுப் பாருங்கள். மொத்தம் 620 வந்துவிட்டால் காய்ந்த புல்லில் மனைவியையும் ஏற்றிக்கொள்ளலாம், அதுவும் மேற்கே பார்த்துக் கிளம்பும்போது மட்டும். அந்தப் பக்கம் கரண்ட் கம்பி போகிறதா என்றும் பாருங்கள். ஆற்றைக் குறுக்கே தாண்டும் கம்பி மேலிருந்து கண்ணுக்கே தெரியாது, கம்பத்தைத் தேடித்தான் கம்பியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

காற்றும் இந்த ஊருக்கே உரிய விஷயம். கோடையில் காலையில் மேற்கிலிருந்து காற்று இருக்கும், மதியத்துக்கு மேல் கடல் காற்று கிழக்கிலிருந்து வந்துவிடும். உங்கள் தரை கிழக்கு மேற்காக இருப்பது நல்லதுதான், இரண்டுமே நேர்க்காற்று. ஆனால் மதியம் தோப்பைப் பார்த்துத்தான் ஏற வேண்டியிருக்கும். பின்காற்றோடு மேற்கே கிளம்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள், எழும்பும் வேகம் 45 நாட் என்றால் வெறும் 4.5 நாட் பின்காற்றுக்கே 20 சதவீதம் தூரம் கூடிவிடும். காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

அப்புறம் தரை. அங்கே முன்பு நெல் போட்டிருந்தால் வரப்பை வெட்டிச் சமன் செய்திருப்பீர்கள். பழைய வரப்பு இருந்த கோடு ஒரு மழை பெய்ததும் தெரிந்துவிடும், அந்த இடம் மட்டும் அமுங்கும். எலி வளையைத் தேடித் தேடி மூட வேண்டும், இந்த விமானங்களில் முன்சக்கரக் கால்தான் பலவீனமான இடம், ஒரு வளையில் இறங்கினால் புரொப்பெல்லர் தரையைத் தொட்டுவிடும். புல்லுக்கு அருகம்புல்லை மிஞ்ச ஒன்றும் இல்லை, வேர் பின்னிக்கொண்டு மண்ணைப் பிடிக்கும். தயாரானதும் காரை 50 கிலோமீட்டர் வேகத்தில் கோடிக்குக் கோடி ஓட்டிப் பாருங்கள், உங்களுக்கு உலுக்கினால் விமானம் இறங்கக் கூடாது.

சரியாகப் பாதி தூரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டைத் தொடும்போது எழும்பும் வேகத்தில் 70 சதவீதம், அதாவது 32 நாட், வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் அந்த நொடியே எஞ்சினைக் குறைத்து நின்றுவிடுங்கள். இதைப் பாக்கி எதையும்விட முக்கியமாகச் சொல்கிறேன்.

பெட்ரோல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். இந்த வகை விமானங்களில் பெரும்பாலும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சின்தான், அது 10 சதவீத எத்தனால் வரைதான் ஏற்கும். நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் கலந்தது. ஆற்றங்கரை ஈரக் காற்றில் எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் வேறு. ஆகவே விமானங்களுக்கென்றே உள்ள ஏவ்கேஸ் பெட்ரோல்தான் வழி, அதில் ஈயம் இருப்பதால் ஆயிலை 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். நிலத்தில் நிரப்ப முடியாது, திரும்பி வருவதற்கும் சேர்த்து எடுத்துப்போக வேண்டும். 50 லிட்டர் என்பது 36 கிலோ, மேலே போட்ட எடைக் கணக்கில் அதையும் சேருங்கள்.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, சாத்தனூர் அணையும் திறந்துவிட்டபோது பெண்ணையில் வந்த வெள்ளம் உங்கள் மோட்டார் கொட்டகைச் சுவரில் எவ்வளவு உயரம் கறை வைத்தது என்று பாருங்கள். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை விமானத்தை அங்கே ராத்திரி கட்டி வைக்காதீர்கள்.

கடைசியாகக் காகிதம். அமெரிக்க ஸ்போர்ட் லைசென்ஸ் இங்கே செல்லாது, அது சர்வதேசத் தரத்துக்குக் கீழே உள்ளது, இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ ஏற்கும் லைசென்ஸ் வேண்டும். சொந்த நிலம் என்பதால் மட்டும் இறங்கிவிட முடியாது, டிஜிசிஏவிலும் கலெக்டர் ஆபீஸிலும் எழுதிக் கேட்க வேண்டும். ஆற்றுப் புறம்போக்கில் ஒரு அடிகூடத் தரை நீளக் கூடாது, அலையேற்றம் எட்டும் தூரத்துக்குள் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை விதிகளும் வரும். புதுச்சேரி விமான நிலையம் இருக்கும் லாஸ்பேட்டையிலிருந்து கிளம்பும்போது வாங்குவதுபோலவே, நிலத்திலிருந்து திரும்பும்போதும் பறப்புத் திட்டம் கொடுத்து வான் பாதுகாப்பு அனுமதி எண் வாங்க வேண்டியிருக்கும். அதற்குத் தோப்பில் போன் சிக்னல் கிடைக்கிறதா என்று இந்த வாரமே போய்ப் பார்த்துவிடுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள், 620 மீட்டருக்குக் கணக்கைத் திரும்பப் போட்டுத் தருகிறேன்.