பயணம் செய்துகொண்டே ஸ்டாக் போட்டோ விற்றுப் பிழைக்க முடியுமா?

விற்கலாம், அதாவது விளம்பரத்துக்கோ கட்டுரைக்கோ படம் தேடுகிறவர்கள் வாங்கிக்கொள்ளும்படி, இணையத் தளங்களில் முன்கூட்டியே எடுத்துப் போட்டுவைக்கலாம். ஆனால் அதை மட்டுமே நம்பிக் கிளம்பாதீர்கள். எட்டு வருடமாக இரண்டு மூன்று தளங்களில் படம் விற்கிறேன். இந்த வருமானம் என் பயணச் செலவை முழுதாக ஈடுகட்டிய வருடம் ஒன்றுகூட இல்லை. எப்படியும் ஊர் சுற்றுகிற ஆள் என்றால், கூடவே ஒரு சிறுதொழிலாக நடத்தலாம், அவ்வளவுதான்.

முதலில் கணக்கு. அடோபி ஸ்டாக் என்கிற தளம் ஒரு படத்தின் விற்பனைத் தொகையில் 33% தருகிறது. ஷட்டர்ஸ்டாக் தளம் 2020 ஜூனில் கொண்டுவந்த முறைப்படி நம் பங்கு 15 முதல் 40% வரை படிப்படியாக ஏறும், ஜனவரி 1 அன்று மறுபடி கீழ்ப்படிக்கே வந்துவிடும். சந்தா கட்டியவர்கள் பதிவிறக்குகிற படங்களுக்குச் சில சென்ட்கள்தான் கையில் வரும். ஆகவே ஒரு அபூர்வமான படத்தைவிட, அடிக்கடி தேவைப்படுகிற சாதாரணப் படங்கள் ஆயிரம் இருப்பதுதான் சோறு போடும்.

எது விற்கும்? முதல் பயணத்தில், இருட்டோடு எழுந்து மலையேறி ஒரு சூரிய உதயம் எடுத்தேன். இன்றுவரை அதை ஒருவரும் வாங்கவில்லை. அதே பயணத்தில் விமானம் தாமதமாகி, பொழுது போகாமல் எடுத்த படம் ஒன்று உண்டு: காலி நாற்காலி வரிசை, ஓரத்தில் ஒரு பை, பின்னால் மங்கலாக ஒரு ஜன்னல். அது மாதம் தவறாமல் போகிறது. உதயம் என்று தேடினால் லட்சக்கணக்கில் கொட்டும். விமானத் தாமதத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவருக்கும், பயணக் காப்பீடு விற்கிறவருக்கும் வேண்டியது இந்த நாற்காலிதான். அதோடு அந்தப் படத்தின் இடது பாதி வெறுமையாக இருக்கிறது, எழுத்து வைக்க இடம். அந்த வெற்றிடத்துக்குத்தான் காசு தருகிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

முகம் அடையாளம் தெரிகிற ஆள் இருந்தால், அவர் கையெழுத்திட்ட மாடல் ரிலீஸ் (தன் படத்தைப் பயன்படுத்தச் சம்மதம் தரும் கடிதம்) இல்லாமல் விளம்பரப் பயன்பாட்டுக்கு விற்க முடியாது. செய்தி, கட்டுரைகளுக்கான எடிட்டோரியல் பிரிவில் போடலாம், அங்கே இடமும் தேதியும் பிசகக் கூடாது. கைபேசியிலேயே விரலால் கையெழுத்து வாங்குகிற செயலிகள் இருக்கின்றன. எடுத்த கையோடு வாங்கிவிடுங்கள். பஸ் கிளம்பிப் போனபிறகு அந்த ஆளை எங்கே தேடுவது? கட்டிடங்களிலும் வில்லங்கம் உண்டு. ஈஃபில் கோபுரத்தின் பகல் படத்துக்குத் தடையில்லை, இரவு விளக்கலங்காரத்துக்குத் தனிக் காப்புரிமை இருக்கிறது.

அப்புறம் தூசி. ஒருமுறை காற்றடிக்கிற இடத்தில் நின்று லென்ஸ் மாற்றினேன். கேமராவுக்குள் ஒளியைப் படமாக்கும் சென்சாரில் விழுந்த ஒரு துணுக்கு, பதினோரு நாள் எடுத்த அத்தனை வானத்திலும் அதே மூலையில் சாம்பல் பொட்டாக உட்கார்ந்திருந்தது. கேமராவின் சின்னத் திரையில் தெரியவே இல்லை. ஒரு தளம் மொத்தமாகத் திருப்பி அனுப்பியபிறகுதான் 100% பெரிதாக்கிப் பார்த்தேன். இப்போதெல்லாம் தினமும் ராத்திரி, லென்ஸின் துளையை எஃப்/16 அளவுக்குச் சுருக்கி வைத்து ஒரு வெள்ளைச் சுவரை எடுத்துப் பார்க்காமல் படுப்பதில்லை. அறையில் கூட இருப்பவர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

உண்மையான வேலை குறிச்சொல் போடுவது, அதாவது வாங்குகிறவர் தேடும்போது படம் கண்ணில் படுவதற்கான சொற்களைச் சேர்ப்பது. அடோபி ஸ்டாக்கில் ஒரு படத்துக்கு 49 வரை போடலாம், முதல் பத்துக்குத்தான் மதிப்பு அதிகம். அந்த நாற்காலிப் படத்துக்கு நான் முதலில் 'நாற்காலி' என்று போட்டிருந்தேன், ஒரு விற்பனையும் இல்லை. 'காத்திருப்பு', 'தாமதம்' இரண்டையும் முன்னால் கொண்டுவந்தபிறகுதான் நகர ஆரம்பித்தது. தலைப்பையும் குறிச்சொல்லையும் இணையம் இல்லாமலே படக் கோப்புக்குள் எழுதிவிடலாம். நீண்ட ரயில் பயணங்களில் இதை முடித்து வைத்துவிட்டு, நல்ல இணைப்பு கிடைக்கிற இடத்தில் ஏற்றினால் போதும். மூன்று நாள் சுற்றினால் ஒரு நாள் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் படங்கள் மலைபோலக் குவிந்து, பார்த்தாலே அலுப்பு வரும்.

இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டு வேறு பைகளில். ஒரே பையில் இரண்டையும் வைத்தால் திருடனுக்குத்தான் வசதி.

வரி விஷயத்தில், அமெரிக்க நிறுவனங்கள் டபிள்யூ-8பென் படிவம் (நாம் வெளிநாட்டவர் என்று வரிக்காகக் காட்டுவது) கேட்கும், சோம்பல் படாமல் நிரப்பிவிடுங்கள். சுற்றுலா விசாவில் சம்பாதிக்கிற வேலை செய்யலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும், போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் படித்தும் ஆசை விடவில்லை என்றால், டிக்கெட் எடுக்குமுன் வீட்டில் இருக்கிற பொருட்களையே நூறு படம் எடுத்து, குறிச்சொல் போட்டு ஏற்றிப் பாருங்கள். முப்பதாவது படத்திலேயே அலுத்துப்போனால், கேமராவை எடுத்துக்கொண்டு சும்மா ஊர் சுற்றிவிட்டு வாருங்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.