ரெடக்ஸில் அசிங்க் வேலைகள்: கேள்வி பதில்

வந்திருக்கும் கேள்விகளை எல்லாம் படித்தேன். அசிங்க் என்றால் உடனே முடியாமல், பதில் பிறகு வரும் வேலை. ஏபிஐ-யைக் கூப்பிடுவதில் யாருக்கும் சிக்கல் இல்லை. பதில் எப்போது வரும், எந்த வரிசையில் வரும், வராமலே போனால் திரையில் என்ன காட்டுவது என்கிற இடத்தில்தான் எல்லோரும் மாட்டியிருக்கிறீர்கள். பெரும்பாலான கேள்விகள் ரியாக்ட் (திரையை வரையும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி), ரெடக்ஸ் (ஆப்பின் டேட்டாவை, அதாவது ஸ்டேட்டை, ஸ்டோர் என்ற ஒரே இடத்தில் வைக்கும் லைப்ரரி) பற்றியவை என்பதால் உதாரணங்களும் அங்கிருந்தே.

கேள்வி: அண்ணா, ரெடியூசரையே அசிங்க் ஃபங்ஷனாக மாற்றி உள்ளேயே ஃபெட்ச் போட்டேன். ஸ்டேட்டில் டேட்டாவுக்குப் பதிலாக ஒரு ப்ராமிஸ் வந்து உட்கார்ந்துகொண்டது. ஏன் இதற்கு வழியே இல்லை?

பதில்: அசிங்க் ஃபங்ஷன் எதுவானாலும், 'பிறகு தருகிறேன்' என்று சொல்லும் ப்ராமிஸைத்தான் திருப்பித் தரும். பழைய ஸ்டேட்டையும் ஆக்ஷனையும் வாங்கிப் புது ஸ்டேட்டைக் கணக்கிடும் ஃபங்ஷன்தான் ரெடியூசர். அது எதைத் தருகிறதோ அதையே அடுத்த ஸ்டேட் என்று ரெடக்ஸ் வைத்துக்கொள்ளும். காத்திருக்கிற வழக்கம் அதற்கு இல்லை.

இது வேண்டுமென்றே எடுத்த முடிவு. ரெடக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டான் அப்ரமோவ் 2015-ல் பாரிஸில் நடந்த ரியாக்ட் யூரோப் மாநாட்டில் ரெடக்ஸைக் காட்டியபோது முன்னால் வைத்ததே டைம் டிராவல்தான். 'இது நடந்தது' என்று ஸ்டோருக்குச் சொல்லும் ஆக்ஷன்களைப் பின்னோக்கித் தள்ளி, திரும்ப ஓட்டிப் பார்ப்பது. அப்படித் திரும்ப ஓட்டினால் அதே ஆக்ஷன்களுக்கு அதே ஸ்டேட் வந்தாக வேண்டும். ரெடியூசருக்குள் ஃபெட்ச் இருந்தால், டெவ்டூல்ஸில் நீங்கள் ஆக்ஷன்களைத் திரும்ப ஓட்டும்போதெல்லாம் சர்வருக்கு ரிக்வெஸ்ட் கிளம்பும். அது பணம் கட்டுகிற ரிக்வெஸ்டாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் ரெடியூசரில் கணக்கு மட்டும். வெளியுலகத்தோடு பேசுவது, ஆக்ஷனுக்கும் ரெடியூசருக்கும் நடுவில் நிற்கும் மிடில்வேரின் வேலை.

கேள்வி: தங்க் என்பது என்ன சார்? எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், யாரும் விளக்க மாட்டேன் என்கிறார்கள்.

பதில்: அதன் சோர்ஸ் கோடைத் திறந்து பாருங்கள், பத்துப் பதினைந்து வரிதான். டிஸ்பாட்ச் செய்ததை, அதாவது ஸ்டோருக்கு அனுப்பியதை, அது இடையில் வாங்கிப் பார்க்கும். வந்தது ஃபங்ஷனாக இருந்தால், டிஸ்பாட்ச், கெட்ஸ்டேட் (இப்போதைய ஸ்டேட்டைத் தருவது) இரண்டையும் அதன் கையில் கொடுத்துக் கூப்பிடும். சாதாரண ஆப்ஜெக்டாக இருந்தால் அப்படியே அடுத்ததற்கு அனுப்பிவிடும். அவ்வளவுதான். காத்திருப்பது, டைமர், ரீட்ரை எதுவும் அதில் கிடையாது. அதெல்லாம் நீங்கள் எழுதும் ஃபங்ஷனுக்குள் நடப்பவை. ரெடக்ஸின் அதிகாரப்பூர்வத் தொகுப்பான ரெடக்ஸ் டூல்கிட்டின் கன்ஃபிகர்ஸ்டோர் பயன்படுத்தினால் தங்க் அதோடு சேர்ந்தே வரும், தனியாக இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

கேள்வி: லோடிங், எரர், சக்ஸஸ் என்று மூன்று பூலியன் வைத்திருக்கிறேன். சில சமயம் ஸ்பின்னரும் சிவப்பு எரரும் ஒன்றாகத் தெரிகின்றன. எங்கே தேடுவது?

பதில்: தேட வேண்டாம், அந்த மூன்றையும் எடுத்துவிடுங்கள். மூன்று பூலியன் என்றால் 8 சேர்க்கைகள். உங்களுக்கு வேண்டியவை 4 நிலைகள்தான்: இன்னும் தொடங்கவில்லை, போய்க்கொண்டிருக்கிறது, வந்துவிட்டது, தோற்றுவிட்டது. மிச்சம் இருக்கும் 4 சேர்க்கைகளும் பிழைக்குத் திறந்துவிட்ட கதவுகள். ரீட்ரை அழுத்தும்போது லோடிங்கை ட்ரூ ஆக்கியவர் எரரை ஃபால்ஸ் ஆக்க மறந்திருப்பார், அவ்வளவுதான் நடந்திருக்கும். ஸ்டேட்டஸ் என்று ஒரே ஃபீல்டு வைத்து அதில் ஒரு ஸ்ட்ரிங் போடுங்கள். மறக்கவே முடியாது.

இன்னொன்றும் சொல்கிறேன். முதல் முறை ஏற்றுவதும், ஏற்கெனவே இருக்கும் டேட்டாவைப் புதுப்பிப்பதும் பயனருக்கு ஒன்றல்ல. இரண்டாவதில் பழைய பட்டியலைத் திரையில் விட்டுவிட்டு, ஓரத்தில் சின்னதாக ஓர் அடையாளம் காட்டினால் போதும். முழுத் திரையையும் வெள்ளையாக்கி நடுவில் ஸ்பின்னரைச் சுற்ற விடுவது, வாசித்துக்கொண்டிருப்பவர் கையிலிருந்து பக்கத்தைப் பிடுங்குகிற மாதிரி.

கேள்வி: ரயில் நிலையம் தேடும் பெட்டி ஒன்று செய்தேன். வேகமாக டைப் அடித்தால் சில சமயம் பெட்டியில் ஒரு வார்த்தை, கீழே வேறு வார்த்தைக்கான பட்டியல். டிபவுன்ஸ் (டைப் அடித்துச் சற்று நிறுத்தும்வரை ரிக்வெஸ்டைத் தள்ளிப்போடுவது) போட்டும் முழுதாகப் போகவில்லை. ஆபீஸ் நெட்டில் வராது, மொபைலில் மட்டும் வருகிறது.

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம். நடப்பதை மில்லி செகண்ட் கணக்கில் பார்ப்போம்.

பயனர் 'மது' என்று அடித்து ஒரு கணம் நிற்கிறார். முதல் ரிக்வெஸ்ட் கிளம்புகிறது. 400 மில்லி செகண்டில் 'மதுரை' என்று முடிக்கிறார், இரண்டாவது ரிக்வெஸ்ட் கிளம்புகிறது. முதலாவதற்குப் பதில் வர 1200 மில்லி செகண்ட் ஆகிறது, இரண்டாவதற்கு 300 போதும். ஆக, 700-வது மில்லி செகண்டில் மதுரையின் பட்டியல் சரியாக வந்து நிற்கிறது. 1200-ல் பழைய பதில் வந்து அதன் மேலேயே எழுதிவிடுகிறது. பெட்டியில் மதுரை, கீழே மதுராந்தகம். ரெடியூசர் தப்பு செய்யவில்லை. கடைசியாக வந்ததை எழுதியது. கடைசியாகக் கேட்டது அதுவல்ல என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

டிபவுன்ஸ் ஏன் காப்பாற்றவில்லை? 300 மில்லி செகண்ட் டிபவுன்ஸ் என்றால், 400 இடைவெளி விட்டு அடித்தவரின் இரண்டு ரிக்வெஸ்டுமே வெளியே போகும். டிபவுன்ஸ் எண்ணிக்கையைக் குறைக்கும், வரிசையைச் சரி செய்யாது. ஆபீஸ் நெட்டில் எல்லாப் பதிலும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் வருவதால் பிழை ஒளிந்துகொள்கிறது. க்ரோம் டெவ்டூல்ஸில் நெட்வொர்க் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். இன்னும் உறுதியாகப் பார்க்க வேண்டுமானால், முதல் பதிலை மட்டும் வேண்டுமென்றே தாமதப்படுத்துங்கள்.

தீர்வுக்கு வருவோம். டூல்கிட்டின் கிரியேட்அசிங்க்தங்க் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு ரிக்வெஸ்ட்ஐடி கொடுக்கிறது, மெட்டாவுக்குள் இருக்கும். தொடங்கும்போது அது அனுப்பும் பெண்டிங் ஆக்ஷன் வரும்போது அந்த ஐடியை ஸ்டேட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஃபுல்ஃபில்டு (வெற்றி), ரிஜெக்டட் (தோல்வி) எது வந்தாலும் முதலில் ஐடியை ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் ஸ்டேட்டைத் தொடாமல் விட்டுவிடுங்கள். எந்தப் பதில் எப்போது வந்தாலும் கடைசியாகக் கேட்டதற்கு மட்டுமே இடம் கிடைக்கும்.

இதோடு பழைய ரிக்வெஸ்டை அபார்ட் செய்வதும், அதாவது பாதியில் நிறுத்துவதும், நல்லது, பயனரின் டேட்டா மிச்சமாகும். தங்க் தரும் ப்ராமிஸில் அபார்ட் என்ற மெத்தட் இருக்கிறது. யூஸ்எஃபெக்டின் கிளீனப்பில் (கம்போனென்ட் இறங்கும்போதோ, எஃபெக்ட் மறுபடி ஓடும் முன்போ ஓடும் பகுதி) அதைக் கூப்பிடுங்கள். ஆனால் தங்க் கொடுக்கும் சிக்னலை ஃபெட்சுக்கும் கடத்த வேண்டும். கடத்தாவிட்டால் தங்க் மட்டும் நிற்கும், நெட்வொர்க்கில் ரிக்வெஸ்ட் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது: அபார்ட் ஆன தங்க் ரிஜெக்டட் ஆக்ஷனை அனுப்பும். அதைப் பார்த்து ரெடியூசர் 'தோற்றது' என்று எழுதினால், புதுத் தேடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே எரர் மின்னி மறையும். மெட்டாவில் அபார்ட்டட் என்று ஒரு குறிப்பு வரும், அதைப் பார்த்து ஒதுக்குங்கள்.

கேள்வி: அப்படியானால் சாகாவில் டேக்லேட்டஸ்ட் போட்டால் முடிந்ததா? பணம் கட்டும் பட்டனுக்கும் அதையே போட்டிருக்கிறேன்.

பதில்: தேடலுக்குச் சரி. பணம் கட்டும் பட்டனிலிருந்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள், தயவுசெய்து.

சாகா என்பது தங்க் மாதிரி இன்னொரு மிடில்வேர், அதில் ஓடும் வேலைக்கும் சாகா என்றே பெயர். புதிது வந்தால் டேக்லேட்டஸ்ட் பழைய சாகாவைத்தான் நிறுத்துகிறது. கிளம்பிப் போன ரிக்வெஸ்டை அது தானாக நிறுத்தாது. நிறுத்தினாலும் சர்வர் அதற்குள் வேலையை முடித்திருக்கலாம். பயனர் இரண்டு முறை தட்டினால் இரண்டு ஆர்டர் பதிவாகும், முதல் ஆர்டரின் பதிலை உங்கள் ஆப் கண்டுகொள்ளாது. இதைவிட மோசமான நிலை வேறு இல்லை. படிக்கிற வேலைக்குக் கடைசியாகக் கேட்டது ஜெயிக்க வேண்டும். எழுதுகிற வேலைக்கு முதலில் கேட்டது முடியும்வரை அடுத்ததை உள்ளே விடக் கூடாது. சாகாவில் அதற்கு டேக்லீடிங், ஆர்எக்ஸ்ஜேஎஸ் லைப்ரரியில் எக்ஸாஸ்ட்மேப். தங்க் என்றால் கண்டிஷன் ஆப்ஷனில் கெட்ஸ்டேட் மூலம் ஸ்டேட்டஸைப் பார்த்து, ஏற்கெனவே ஒன்று ஓடுகிறது என்றால் ஃபால்ஸ் திருப்புங்கள்.

பட்டனை டிசேபிள் செய்வதும் வேண்டும்தான், ஆனால் அது அடுத்த ரெண்டர் நடந்த பிறகே திரையில் வரும். ஸ்டோரில் பார்ப்பது உடனே தெரியும். இவை எல்லாம் இருந்தாலும், பயனர் பக்கத்தை ரீலோட் செய்துவிட்டு மறுபடி தட்டினால் ஃப்ரண்ட்எண்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு முயற்சிக்கு ஒரு தனிச் சாவியை உருவாக்கி, அது ரீலோடில் தொலையாமல் வைத்துக்கொண்டு, ஹெடரில் அனுப்ப வேண்டும். அதே சாவி மறுபடி வந்தால் புதிதாகப் பணம் எடுக்காமல் பழைய பதிலையே சர்வர் தர வேண்டும். ஸ்ட்ரைப் ஏபிஐ-யில் ஐடெம்பொட்டென்சி கீ என்று இருப்பது இதுதான். உங்கள் பேக்எண்ட் ஆட்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

கேள்வி: டிஸ்பாட்சுக்கு அவைட் போட்டு, ட்ரை கேட்சும் வைத்தேன். சர்வர் 500 தந்தாலும் 'சேமிக்கப்பட்டது' என்று டோஸ்ட் வருகிறது.

பதில்: இரண்டு காரணங்கள் சேர்ந்து வந்திருக்கலாம். ஒன்று, ஃபெட்ச் 404-க்கும் 500-க்கும் ரிஜெக்ட் ஆகாது. ரெஸ்பான்ஸில் ஓகே ட்ரூவா என்று நீங்களே பார்த்து த்ரோ செய்ய வேண்டும். இரண்டு, கிரியேட்அசிங்க்தங்க் தரும் ப்ராமிஸ் தோல்வியிலும் ரிசால்வ்தான் ஆகும், கையாளாத ரிஜெக்ஷன் என்று கன்சோல் நிரம்பாமல் இருப்பதற்காக. கேட்சில் பிடிக்க வேண்டுமானால் டிஸ்பாட்சின் பின்னால் அன்ராப் சேருங்கள்.

கேள்வி: ரியாக்ட் 18-க்கு மாறியதும் ஒவ்வொரு ஏபிஐ-யும் இரண்டு முறை போகிறது!

பதில்: பிழைகளைத் தேட உதவும் ஸ்ட்ரிக்ட்மோடில், டெவலப்மென்டில் மட்டும், ஒவ்வொரு கம்போனென்டையும் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்க்கிறது. புரொடக்ஷனில் வராது. ஸ்ட்ரிக்ட்மோடை நீக்காதீர்கள். கிளீனப் எழுதாத எஃபெக்ட் எது என்று அது காட்டிக்கொடுக்கிறது.

கேள்வி: ஆர்டிகே க்வெரி (ரெடக்ஸ் டூல்கிட்டோடு வருவது), டான்ஸ்டாக் க்வெரி வந்த பிறகு ரெடக்ஸே தேவையா?

பதில்: முதலில் உங்கள் ஸ்டோரைத் திறந்து ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதற்குச் சொந்தக்காரர் யார்? பொருட்களின் பட்டியல், ஆர்டர்கள், பயனர் விவரம் எல்லாம் சர்வருக்குச் சொந்தம். உங்களிடம் இருப்பது ஒரு நகல், அது பழசாகும். நகலைப் பார்த்துக்கொள்வது ஸ்டேட் வேலை அல்ல, கேஷ் வேலை. நாம் அதைக் கையால் தங்க் எழுதிச் செய்துகொண்டிருந்தோம். தேர்ந்தெடுத்த ஃபில்டர், பாதி நிரப்பிய படிவம், திறந்திருக்கும் சைட்பார் இவைதான் உண்மையில் உங்களுடையவை.

இந்த இரண்டு மாதிரி கேஷ் லைப்ரரிக்கு மாறினால் ஸ்டோர் மளமளவென்று மெலியும். மிஞ்சியதற்கு ரெடக்ஸ் வேண்டுமா, சுஸ்டாண்ட் மாதிரி சின்ன லைப்ரரி போதுமா, யூஸ்ஸ்டேட்டே போதுமா என்பதை அப்புறம் முடிவு செய்யலாம். ஆனால் டீஃபால்ட்களைப் படிக்காமல் இறங்காதீர்கள். டான்ஸ்டாக் க்வெரியில் ஸ்டேல்டைம் 0, அதாவது வந்த கணமே டேட்டா பழசு என்று கணக்கு. தோற்ற க்வெரியை 3 முறை தானாக மறுபடி முயலும். யாரும் பயன்படுத்தாத டேட்டாவை 5 நிமிடம் வைத்திருக்கும். ஆர்டிகே க்வெரியில் அது 60 செகண்ட், தானாக ரீட்ரை கிடையாது. 'ஏன் இத்தனை ரிக்வெஸ்ட் போகிறது' என்ற புலம்பல் பெரும்பாலும் இந்த எண்களில்தான் முடியும்.

கேள்வி: லைக் பட்டனை உடனே சிவப்பாக்கிவிட்டு, சர்வர் மறுத்தால் திரும்ப வெள்ளையாக்குகிறேன். வேகமாக நாலு தட்டு தட்டினால் எண்ணிக்கை குழம்புகிறது.

பதில்: ஒவ்வொரு தட்டும் தனக்கு முன்னால் இருந்த நிலையை நினைவில் வைத்து, அதற்கே திரும்பப் பார்க்கிறது. நடுவில் ஒன்று தோற்றால் அது பின்னால் வந்தவற்றின் மாற்றத்தையும் சேர்த்து அழித்துவிடும். ஒரு ரிக்வெஸ்ட் மட்டும் ஓடும் இடத்தில் ஆர்டிகே க்வெரியின் அன்டூ அழகாக வேலை செய்யும். இப்படி ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில், தோற்றால் அன்டூ செய்யாமல் டேகை இன்வாலிடேட் செய்து (அந்த டேட்டா பழசு என்று குறித்து), சர்வரிடமே உண்மையான எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: நான் வியூ பக்கம். அதன் பழைய ஸ்டோர் லைப்ரரியான வியூஎக்ஸில் மியூட்டேஷன் (ஸ்டேட்டை மாற்றுவது), ஆக்ஷன் என்று பிரித்திருந்தார்கள். இப்போதைய பினியாவில் மியூட்டேஷனே இல்லையே, இது ஆபத்தில்லையா?

பதில்: இல்லை. மியூட்டேஷன் சிங்க்காக இருக்க வேண்டும், அசிங்க் எல்லாம் ஆக்ஷனில் என்ற வியூஎக்ஸ் விதி டெவ்டூல்ஸ் சரியாகப் பதிவு செய்வதற்காக வைத்தது. பினியா அந்தத் தனி அடுக்கு இல்லாமலே பதிவு செய்துகொள்கிறது. ஆனால் அவைட்டுக்குப் பிறகு ஸ்டேட்டைத் தொடும் ஒவ்வொரு வரியிலும், 'இதற்குள் வேறு யாராவது இதை மாற்றியிருப்பார்களா' என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வி எந்த லைப்ரரியிலும் போகாது.

கேள்வி: பழைய புராஜெக்டில் எங்கும் சாகா. புதிதாக எழுதுவதைத் தங்கில் எழுதலாமா, இல்லை மொத்தமாக மாற்ற வேண்டுமா?

பதில்: இரண்டும் ஒரே ஸ்டோரில் நிம்மதியாக இருக்கும். ஓடுகிற சாகாவை மாற்றுவதற்காக மட்டும் மாற்றாதீர்கள். வெப்சாக்கெட்டைத் திறந்து வைத்துக் கேட்பது, லாகவுட் ஆனால் பாதியில் இருக்கும் வேலைகளை எல்லாம் நிறுத்துவது மாதிரியான நீண்ட ஓட்டங்களுக்குச் சாகா இன்றும் நன்றாகவே செய்கிறது. புதிதாக அப்படி ஒன்று வந்தால் டூல்கிட்டில் இருக்கும் லிசனர் மிடில்வேரை முதலில் பாருங்கள். அதுவும் காத்திருக்கும், ரத்து செய்யும், ஆனால் சாகாவுக்கு வேண்டிய ஜெனரேட்டர் ஃபங்ஷன் இல்லாமல் சாதாரண அசிங்க் அவைட்டில் எழுதலாம். வெறுமனே ஏபிஐ-யைக் கூப்பிட்டு வந்ததை ஸ்டோரில் போடும் சாகாக்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றை மட்டும், அந்தத் திரையைத் தொடுகிற வேலை வரும்போது, ஒவ்வொன்றாக ஆர்டிகே க்வெரிக்கு மாற்றுங்கள். மாற்றிய உடனே பழைய சாகாவை, எல்லாச் சாகாக்களையும் தொடங்கும் ரூட்சாகாவிலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே டேட்டாவை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.