பச்சை வந்தால் போதுமா? சுரங்க மண்மேடுகள் பற்றிய கேள்வி பதில்

நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்தாறு கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. அந்த மண் மேடாகக் குவிகிறது, அல்லது வெட்டிய பள்ளத்துக்குள்ளேயே திரும்பப் போகிறது. அதன்மேல் வைத்த செடி பிடிக்கிறதா, சரிவு அசையாமல் நிற்கிறதா என்று கவனிப்பது என் தொழில். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

சார், நான் எம்.எஸ்சி. மாணவி. நான் ஆய்வு செய்யும் மண்மேட்டில் என்.டி.வி.ஐ. வருடா வருடம் ஏறுகிறது. நில மீட்பு வெற்றி என்று எழுதலாமா?

இப்போதைக்கு வேண்டாம்மா. என்.டி.வி.ஐ. என்பது, இலை சிவப்பு ஒளியை உறிஞ்சுவதையும் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புவதையும் வைத்துச் செயற்கைக்கோள் படத்திலிருந்து போடும் கணக்கு. பச்சை இருக்கிறது என்று சொல்லும், எது என்று சொல்லாது. சீமைக் கருவேலம் மண்டிய மேடும், வேம்பும் புங்கனும் வாகையும் வளர்ந்த மேடும் அந்த எண்ணில் ஒன்றுபோலவே வரலாம்.

எந்த மாதப் படம் என்பதும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு எடுத்தால் கடலூர் மாவட்டத்தில் பொட்டல் காடுகூடப் பச்சைதான். ஏப்ரல், மே படங்களை எடுத்து ஒப்பிடுங்கள். சென்டினல்-2 செயற்கைக்கோள் ஐந்து நாளுக்கு ஒரு முறை வருவதால் மேகமில்லாத படம் கிடைத்துவிடும். அதன் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அதே அளவில் களத்தில் நிரந்தரக் கட்டங்கள் போட்டு, மூலைக்கு மூலை கல் நட்டு, மரங்களுக்கு எண் தகடு கட்டி, வருடம் தவறாமல் அதே கட்டங்களையே எண்ணுங்கள். கட்டத்தை மாற்றினால் கணக்கு கெட்டுவிடும்.

செத்துப்போன கன்று ஒன்றையும் தோண்டிப் பாருங்கள். ஆணிவேர் ஒரு சாண் ஆழத்தில் பக்கவாட்டில் வளைந்து ஓடியிருந்தால், டோசரும் டிப்பரும் ஏறி அடிமண் இறுகிவிட்டது என்று பொருள். அங்கே எத்தனை முறை மறுநடவு செய்தாலும் பிடிக்காது, முதலில் மண்ணை ஆழமாகக் கிளறிவிட வேண்டும். நான் ஒரு மேட்டில் முதலில் தேடுவது, யாரும் நடாமல் விதை விழுந்து தானாக முளைத்த நாட்டு மரக்கன்றுகளை. அவை இருந்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

விருத்தாசலம் பக்கத்து விவசாயி நான். மேட்டை ஒட்டி எங்கள் நிலம். மழைக்குச் செம்மண் கரைந்து வாய்க்காலில் வருகிறது. மேடு மொத்தமாகச் சரிந்துவிடுமா ஐயா?

மண் அரிப்பு வேறு, சரிவு வேறு. செம்மண் வருவது அரிப்பு. மேட்டைச் சுற்றிய வடிகாலும் வண்டல் குழியும் தூர்ந்து கிடக்கின்றன என்று அர்த்தம். அது உங்கள் பயிருக்குக் கேடுதான், தூர்வாரச் சொல்லி எழுதிக் கேளுங்கள்.

சரிவின் அறிகுறிகள் வேறு: மேட்டின் உச்சியில் விளிம்புக்கு இணையாக நீளும் வெடிப்பு, அடிவாரத்தில் தரை உப்புவது, வேலிக்கால்களும் மரங்களும் ஒரே பக்கம் சாய்வது, கோடையிலும் காயாத ஈரத்திட்டு. கடைசியாகச் சொன்னது தெரிந்தால் தாமதிக்காதீர்கள். தேதி தெரியும்படி போட்டோ எடுத்து மனுவோடு கொடுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற சுரங்கங்கள் வருடத்துக்கு இரண்டு முறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில், நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினோம் என்று அறிக்கை தர வேண்டும். அதை வாங்கிப் படித்து, உங்கள் பக்கத்து மேட்டைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

மகளிர் குழுவில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறோம். வெட்டிவேர் நட்டால் சரிவு நிற்கும் என்கிறார்களே, அண்ணா?

மேல் மண்ணைப் பிடிக்க வெட்டிவேர் அருமையான புல், தங்கச்சி. வேர் நேராக இரண்டு மூன்று மீட்டர் இறங்கும். சம உயரக் கோட்டில் நெருக்கி நட்டால் ஓடிவரும் வண்டலைத் தடுத்து நிறுத்தும். ஆனால் பெரிய சரிவுகள் பத்து, இருபது மீட்டர் ஆழத்தில் வழுக்குபவை. அங்கே எந்த வேரும் எட்டாது. அதைத் தீர்மானிப்பது மேட்டின் கோணமும் உள்ளே நிற்கும் தண்ணீரும்தான். நம் நாட்டு அனுமதிகளில் மேட்டின் மொத்தச் சாய்வு 28 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று வழக்கமாக நிபந்தனை போடுவார்கள். சாய்வைச் சரிசெய்யாமல் செடி மட்டும் வைத்தால், பச்சையோடு சேர்ந்து சரியும்.

பண்ணையில் கொழிஞ்சி, சணப்பு விதையும் கொழுக்கட்டைப் புல்லும் வையுங்கள். முதல் ஓரிரு வருடம் இவை மண்ணை மூடட்டும், மரம் அப்புறம்.

சீமைக் கருவேலம் எங்கும் பிடிக்குமே, அதையே நடலாமா?

கூடாது. வேறெதையும் வளரவிடாது.

சுரங்கத்தில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர். கருவி வாங்கக் குறைந்த பணம்தான் இருக்கிறது. எதில் தொடங்க?

மழைமானி, மண்ணுக்குள் நீரின் அழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டர். தண்ணீர் உள்ளே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியாமல் மற்ற எண்கள் எதற்கும் அர்த்தமில்லை.

வெடிப்பு தெரிந்தால் இரு பக்கமும் இரும்புக் கம்பி அடித்து, தலையில் புள்ளி வைத்து, தினமும் ஒரே நேரத்தில் டேப்பால் அளந்து எழுதுங்கள். தினமும் 2 மில்லிமீட்டர் என்றால் கவனிக்கலாம். 2, 4, 9 என்று எகிறினால் அடிவாரத்தில் ஆளோ வண்டியோ நிற்கக் கூடாது. ஜப்பானின் ஃபுகுசோனோ 1985இல் சொன்ன முறை இதற்கு உதவும்: ஒன்றை வேகத்தால் வகுத்து நாள்வாரியாகக் கோடு போட்டால், கோடு பூஜ்ஜியத்தைத் தொடும் இடம் சரியும் நேரத்தை உத்தேசமாகக் காட்டும். வெடிப்பைக் களிமண் போட்டு மூடவும் மறக்காதீர்கள், மழைநீர் உள்ளே போகாமல் இருக்கும்.

ஆசிரியர் ஒருவர்: நிஜமாகவே இப்படி நடந்திருக்கிறதா?

வேல்ஸ் நாட்டு அபர்ஃபானில் 1966 அக்டோபர் 21 காலை, நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். நீரூற்றுகள் இருந்த இடத்தின் மேலேயே கொட்டியிருந்தார்கள். அன்று காலை வேலைக்கு வந்தவர்கள் மேட்டின் உச்சி உள்வாங்கியிருந்ததைப் பார்த்தும் இருந்தார்கள். கீழே இருந்த ஊருக்கு அந்தச் செய்தி போகவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது. நம் நாட்டில் 2016 டிசம்பர் 29 அன்று ஜார்கண்டின் ராஜ்மகால் சுரங்கத்தில் மண் சரிந்து 23 தொழிலாளர்கள் இறந்துபோனார்கள்.

எத்தனை வருடம் கண்காணித்தால் போதும்?

செடிகளுக்கு, தண்ணீரும் உரமும் நிறுத்திய பிறகும் தாங்களாகப் பெருகும்வரை. மண்ணுக்கு அதைவிட நீண்ட காலம் வேண்டும். நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்கு அடியில் நீர்த்தாங்கி, அதாவது தண்ணீர் நிறைந்த மண் அடுக்கு, அழுத்தத்தோடு நிற்கிறது. சுரங்கம் நடக்கும்வரை பம்ப் போட்டு அதை இறக்கி வைக்கிறார்கள். பம்ப்பை நிறுத்தினால் நீர்மட்டம் ஏறி, நிரப்பிய மண்ணை முதல்முறையாக நனைக்கும். தளர்வாகக் கொட்டிய மண் நனைந்தால் திடீரென்று தாழும். ஆகவே பீசோமீட்டரையும், தரை தாழ்வதை அளக்க நட்ட மட்ட அளவுக் கற்களையும் பிடுங்காமல் விட்டு, நீர்மட்டம் ஏறி ஓரிடத்தில் நிலைக்கும்வரை அளந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கு முன்னால் அங்கே வீடு கட்ட அனுமதி தரக் கூடாது.