தேங்காய் மட்டையும் 114 கன அடியும்

கேள்வி: ஐயா, எங்கள் ஊர்க் கால்வாயில் தண்ணீரின் மேல் அகலம் 19 அடி, நடுவில் ஆழம் 3 அடி. தேங்காய் மட்டையை மிதக்க விட்டேன், 100 அடியை 50 நொடியில் கடந்தது. பெருக்கினால் நொடிக்கு 114 கன அடி. அளக்க வந்தவரோ 75 கூட இல்லை என்கிறார். யார் கணக்கு சரி?
– ஒரு விவசாயி, சோழவந்தான்

பதில்: அவர் கணக்குதான். கோபித்துக்கொள்ளாதீர்கள், மட்டை விட்டுப் பார்த்தீர்களே, அதுவே பெரிய விஷயம். ஆனால் கால்வாய் என்ன சிமெண்ட் தொட்டியா, செங்குத்தாக இறங்க? அடித்தரை அகலத்தை நீங்கள் எழுதவில்லை. மண் கரைக்கு வழக்கமாக வைக்கிற சரிவு, ஓர் அடி உயரத்துக்கு ஒன்றரை அடி. அப்படியானால் 3 அடி ஆழத்துக்கு இரு பக்கமும் நாலரை நாலரை அடி போக, அடியில் 10 அடிதான் இருக்கும். 19-ஐயும் 10-ஐயும் கூட்டிப் பாதியாக்கி 3-ஆல் பெருக்குங்கள்: 43.5 சதுர அடி. நீங்கள் போட்டது 57.

அப்புறம் வேகம். மட்டை போவது மேல் தண்ணீரில், அது துள்ளி ஓடும். அடித்தரையையும் கரையையும் உரசுகிற தண்ணீர் மெதுவாகத்தான் நகரும். அதனால் மிதவை வேகத்தில் சுமார் 0.85 பங்கைத்தான் சராசரியாக எடுப்போம். 2 அடி 1.7 ஆகிவிட்டதா? பெருக்கினால் 74. ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் இதே அளவில் போகிற தண்ணீர் இன்னும் குறைந்துவிடும்.

கேள்வி: வைகையில் தண்ணீரே இல்லாதபோது லெவல் கருவியை வைத்து என்ன அளக்கிறார்கள்?
– ஒரு வாசகி, செல்லூர்

பதில்: வறண்டபோதுதானம்மா ஆற்றின் வயிறு தெரியும்! வெள்ளத்தில் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க, கரைக்குக் கரை குறுக்கே ஸ்டாஃப், அதாவது அளவு குறித்த நெட்டைக் கோல், பிடித்துத் தரை மட்டம் எடுப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் 10 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். இரண்டு புள்ளிக்கு நடுவில் மணல் அள்ளிய பள்ளம் ஆள் உயரத்துக்கு இருந்தது. என் படத்தில் அங்கே சமதரை. ஸ்டாஃப் பிடித்த அண்ணன்தான், "தம்பி, நான் இறங்கி ஏறினேனே, பார்க்கலையா?" என்றார். மறுநாள் முழுக் குறுக்குவெட்டையும் மறுபடி எடுத்தோம். சேற்றில் ஸ்டாஃப் ஒரு சாண் புதைந்தால் ஆறு ஒரு சாண் ஆழமாகிவிடும் என்று அடியில் தகரத் தட்டு வைக்கச் சொன்னதும் அவர்தான்.