காக்ஸ் பஜார் முகாம்களைப் பற்றிக் கேளுங்கள்

2017 இறுதியிலிருந்து மூன்று ஆண்டுகள் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்டத்தில், ரோஹிங்கியா அகதி முகாம்களில் ஊட்டச்சத்துப் பணியாளராக இருந்தேன். குழந்தைகளை அளப்பது, எடை போடுவது, பதிவேடு எழுதுவது. பெரும்பாலும் அவ்வளவுதான் என் வேலை. வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். குடும்பங்களைப் பற்றிச் சொல்லும் இடங்களில் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் எப்படி வந்தார்கள்? (திருப்பூர் வாசகர்)

மியான்மரின் ராக்கைன் மாநிலத்தில் 2017 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு ராணுவம் ரோஹிங்கியா முஸ்லிம்களை ஊர் ஊராகத் தாக்கியது. தப்பியவர்கள் எல்லையிலுள்ள நாஃப் ஆற்றைக் கடந்தும் மலைவழியாக நடந்தும் வந்தார்கள். சில மாதங்களில் ஏழு லட்சம் பேருக்கு மேல். 1978-இலும் 1991-92-இலும் இதேபோல் ஓடி வந்திருக்கிறார்கள் என்பதால் உக்கியா, டெக்னாஃப் பகுதிகளில் பழைய முகாம்கள் ஏற்கெனவே இருந்தன. 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியிருந்தது.

அது ஐ.நா. நடத்தும் முகாம்தானே?

இல்லை. பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். முகாம் வங்கதேச அரசுடையது. ஒவ்வொரு முகாமுக்கும் ஓர் அரசு அதிகாரி பொறுப்பு. அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு தண்ணீர்த் தொட்டிகூட வைக்க முடியாது. பதிவு ஐ.நா. அகதிகள் ஆணையத்தோடு சேர்ந்து நடக்கிறது. உணவுக்கு உலக உணவுத் திட்டம். குழந்தைகள் தொடர்பானவற்றுக்கு யுனிசெஃப். களத்தில் கைவேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பிராக் போன்ற உள்ளூர் நிறுவனங்களின் ஆட்களும், முகாமிலேயே வாழும் ரோஹிங்கியா தொண்டர்களும். படங்களில் வெளிநாட்டு முகங்கள்தாம் தெரியும். விடியற்காலையில் சேற்றில் இறங்கி வீடு வீடாகப் போய்த் தாய்மார்களைக் கூப்பிட்டு வருபவர்கள் இந்தத் தொண்டர்கள். ரோஹிங்கியா மொழி பொது வங்காளியைவிட, அந்தப் பக்கத்து சிட்டகாங் வட்டாரப் பேச்சுக்கே நெருக்கமானது. டாக்காவிலிருந்து வந்த வங்காளி டாக்டருக்கே மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார் என்றால் என் கதையைச் சொல்லவா வேண்டும்!

அக்கா, ஒரு குழந்தைக்குச் சத்துக் குறைவு என்பதை அந்தக் கூட்டத்தில் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? (செவிலியர் மாணவி, தஞ்சாவூர்)

ஒரு பிளாஸ்டிக் நாடா போதும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் இடது கையில், தோளுக்கும் முழங்கைக்கும் சரிநடுவில் நாடாவைச் சுற்ற வேண்டும். 12.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் பச்சை, கவலையில்லை. 11.5-க்கும் 12.5-க்கும் இடையில் மஞ்சள், மிதமான சத்துக் குறைவு. 11.5-க்குக் கீழே சிவப்பு, கடுமையான சத்துக் குறைவு. இறுக்கிப் பிடித்தால் பச்சையில் இருக்கும் குழந்தையும் மஞ்சளாகிவிடும். அதனால் புதிதாகச் சேரும் தொண்டர்களுக்கு முதல் பாடமே நாடாவைத் தோலில் படிய விடுவதுதான். பிறகு இரண்டு பாதங்களின் மேற்புறத்தையும் கட்டைவிரலால் மூன்று வினாடி அழுத்திப் பார்ப்போம். இரண்டிலும் குழி அப்படியே நின்றால் அது நீர்வீக்கம். கை எவ்வளவு பருமனாக இருந்தாலும் அந்தக் குழந்தை சிவப்புக் கணக்கில்தான் சேரும்.

சிவப்பில் இருக்கும் குழந்தைக்கு வேர்க்கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள் சேர்த்த பசை மாதிரி உணவு. ஒரு பாக்கெட் 92 கிராம், 500 கலோரி. தண்ணீர் கலக்க வேண்டாம், அடுப்பு வேண்டாம். சுத்தமான தண்ணீர் கிடைக்காத இடத்தில் இதன் அருமை தெரியும். ஆனால் கையில் கொடுத்து அனுப்பிவிட மாட்டோம். தாய் சோப்புப் போட்டுக் கை கழுவி, எங்கள் கண்முன்னே ஊட்ட வேண்டும். குழந்தை தின்றால் வீட்டிலிருந்தே சிகிச்சை. முகத்தைத் திருப்பிக்கொண்டால் உள்ளே வேறு ஏதோ நோய் இருக்கிறது. படுக்கை வசதியுள்ள மையத்துக்கு அனுப்பிவிடுவோம். பசியின்மையை நான் காய்ச்சலைவிட அதிகமாகப் பயப்படக் கற்றது அங்கேதான்.

ஒரு குழந்தைக்கு மூன்று வாரமாக எடை ஏறவில்லை. பாக்கெட் எல்லாம் காலி, தாய் சத்தியம் செய்கிறாள். கடைசியில் ஒரு தொண்டர் வீட்டுக்கே போய்ப் பார்த்தார். நான்கு வயது அக்காவுக்குப் பாதி போய்க்கொண்டிருந்தது. அவளையும் அழைத்து வரச் சொல்லி அளந்தோம், மஞ்சள். அதன் பிறகு எடை ஏறாத குழந்தை வந்தால், வீட்டில் இன்னும் எத்தனை பிள்ளைகள் என்பதுதான் என் முதல் கேள்வி.

பெற்றோர் இல்லாத குழந்தைகளை நம் ஊர்க்காரர்கள் தத்தெடுக்க முடியாதா? நல்ல வீடு கிடைக்குமே. (பலர்)

நல்ல மனதோடு கேட்கிறீர்கள். என் பதில்: முடியாது, கூடவும் கூடாது. 2004 சுனாமி முடிந்த கையோடு நாகப்பட்டினத்திலும் இப்படிக் கேட்டு வந்தவர்கள் ஏராளம். தனியாக வந்து நிற்கிற குழந்தை என்றால் அப்பா அம்மா இறந்துவிட்டார்கள் என்று பொருள் இல்லை. ஓடும்போது கை நழுவியிருக்கலாம், வேறு படகில் ஏறியிருக்கலாம். பெற்றோர் இறந்திருந்தாலும் சித்தியோ மாமாவோ பாட்டியோ எங்காவது இருப்பார்கள். அதனால் முதலில் தேட வேண்டும். செஞ்சிலுவைச் சங்கமும் குழந்தைப் பாதுகாப்பு அமைப்புகளும் இதையே தனி வேலையாகச் செய்கின்றன. அதுவரை அதே சமூகத்தில் ஒரு குடும்பத்தோடு குழந்தையைத் தங்கவைத்து, ஒருவர் அடிக்கடி போய்ப் பார்த்து வருவார். அனாதை இல்லம் கட்டித் தருகிறேன் என்று வந்தவர்களையும் பார்த்தேன். கட்டடம் எழும்பினால் அதை நிரப்பப் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். ஏழைத் தாய் ஒருத்தி, அங்கே சோறு கிடைக்குமே என்று தன் பிள்ளையையே கொண்டுவந்து விடுவாள்.

எட்டு வயது இருக்கும், ஒரு பையன். ஊர்ப் பெயர் சொல்லத் தெரியவில்லை. பள்ளிவாசலுக்குப் பின்னால் பெரிய குளம், குளத்துக்கு அந்தப் பக்கம் மீன் காயவைப்பார்கள், இவ்வளவுதான் தெரியும். குளத்தை வைத்துக்கொண்டுதான் தேடினார்கள்.

வீட்டில் நிறைய பழைய துணி இருக்கிறது. எங்கே அனுப்பலாம்? (கோயம்புத்தூர்)

எங்கேயும் அனுப்பாதீர்கள். 2017-இல் சாலையோரம் நன்கொடைத் துணிகள் குவியல் குவியலாக மழையில் நனைந்து மக்கிக் கிடந்தன. அந்தப் பெண்கள் உடுத்தும் விதத்துக்கு ஒத்துவராத உடைகள் பாதி. அவற்றைப் பிரிக்கவும் அப்புறப்படுத்தவும் ஆள் தேவைப்பட்டது. பணமாகக் கொடுங்கள், அதுவும் கணக்கு வெளியிடும் நிறுவனத்துக்கு. கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேனோ? சொல்லிவிட்டேன், இருக்கட்டும்.

ஒருவருக்கு எவ்வளவு உணவு தருகிறார்கள்?

மாதத்துக்கு ஒரு தொகை அட்டையில் ஏறும்; முகாமுக்குள் இருக்கும் கடையில் அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை, காய்கறி வாங்கிக்கொள்ளலாம். தலைக்கு 12 டாலராக இருந்தது 2023 மார்ச்சில் 10 ஆனது, ஜூனில் 8 ஆனது. எட்டு டாலர் என்றால் நாளொன்றுக்கு 27 சென்ட். முறையாக வேலைக்குப் போக அவர்களுக்கு அனுமதி இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2024-இல் படிப்படியாகப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். நன்கொடை நாடுகள் கையைச் சுருக்கும்போதெல்லாம் இது மறுபடி ஆட்டம் காணும்.

மண்டபம் முகாமுக்கு அருகில் வளர்ந்தவன் நான். அதே மாதிரியா? (ராமநாதபுரம்)

ஒரு பெரிய வேறுபாடு பள்ளி. இங்கே இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு அரசுப் பள்ளியில் படித்தார்கள், கல்லூரிக்கும் போனார்கள். அங்கே உள்ளூர்ப் பள்ளி ரோஹிங்கியா பிள்ளைகளுக்குக் கிடையாது. மூங்கில் கொட்டகைகளில் கற்றல் மையங்கள் நடந்தன. 2021 இறுதியில்தான் மியான்மர் பாடத்திட்டம் தொடங்கியது. நான் இருந்த காலத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக மையத்துக்கு வருவதை நிறுத்தினார்கள். கல்யாணம் ஆகிவிட்டது என்று பின்னால் தெரியவரும்.

யானைகள் வந்தது உண்மையா? (ஒரு குழந்தையின் அம்மா, மகனுக்காக)

உண்மை. முகாம் எழுந்த இடத்தில் யானைகளின் பழைய வழித்தடம் இருந்தது. தொடக்கத்தில் உயிர்ப்பலியும் நடந்தது. பிறகு அகதிகளிலிருந்தே தொண்டர்களைத் தேர்ந்தெடுத்து, காவல் கோபுரம் அமைத்து, யானையை விரட்டாமல் காட்டுப் பக்கம் திருப்பப் பயிற்சி தந்தார்கள். உங்கள் மகன் அந்த வேலைக்குத்தான் போவேன் என்பான், பாருங்கள்.

அக்கா, அந்தக் குளத்துப் பையன் என்ன ஆனான்?

வேறொரு முகாமில் அத்தை கிடைத்தாள். குளம், மீன் காயவைக்கும் இடம், இரண்டையும் அவளே சொன்னாள். பையனிடம் தனியாகக் கேட்டுச் சரிபார்த்தார்கள். அவனை ஒப்படைத்த அன்று நானும் போயிருந்தேன். கட்டிக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அவன் காலைப் பார்த்து, செருப்பு எங்கே என்று கேட்டாள். பிறகு எங்களிடம் திரும்பி, உணவு அட்டையில் இவன் பெயரை எப்போது சேர்ப்பீர்கள் என்றாள். மூன்று வாரம் ஆனது.