கால்சியம் கல்லுக்குப் பாலை நிறுத்தலாமா?

கேள்வி: நான் வேதியியல் ஆசிரியர், வயது 41. அண்மையில் ஒரு சிறுநீரகக் கல் தானாகவே வெளியேறியது. பரிசோதனையில் கால்சியம் ஆக்சலேட் என்று வந்தது. பொது அயனி விளைவுப்படி, அதாவது கரைசலில் கால்சியம் கூடினால், ஆக்சலேட் அதனோடு சேர்ந்து வீழ்படிவாகத்தானே (கரையாத திடப்பொருளாகப் படியத்தானே) செய்யும்? அதனால் பால், தயிரை அடியோடு விட்டுவிட்டேன். சரிதானா?

பதில்: வேதியியல் சரி, இடம்தான் மாறிவிட்டது. உணவிலுள்ள கால்சியமும், கீரை போன்றவற்றில் இருக்கும் ஆக்சலேட்டும் முதலில் சந்திப்பது குடலில், சிறுநீரகம் அப்புறம்தான்.

பசலைக்கீரையோடு தயிரும் சாப்பிட்டால், கீரையின் ஆக்சலேட்டில் ஒரு பகுதியைத் தயிரின் கால்சியம் குடலிலேயே பிடித்து வீழ்படிவாக்கிவிடும். அது மலத்தோடு போய்விடும். தயிரை விட்டால் அந்த ஆக்சலேட்டும் ரத்தத்தில் ஏறி, சிறுநீருக்கு வந்து சேரும். நீங்கள் பயப்படும் பொது அயனி விளைவு குடலில் உங்களுக்குச் சாதகமானது.

இது வெறும் ஊகமல்ல. இத்தாலியில் அடிக்கடி கல் வரும் 120 ஆண்களை 5 ஆண்டுகள் கவனித்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கு மீண்டும் கல் வந்தது. வழக்கமான அளவு கால்சியத்தோடு உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான் வந்தது.

ஆசிரியர் என்பதால் இன்னொன்று. கால்சியம் ஆக்சலேட்டின் கரைதிறன் பெருக்கம் (கரைந்திருக்கக்கூடிய இரண்டின் செறிவுகளையும் பெருக்கினால் வரும் வரம்பு) 25 டிகிரியில் சுமார் 2 × 10⁻⁹. ஒரு நாளில் 2 லிட்டர் சிறுநீரில் 5 மில்லிமோல் கால்சியமும் 0.3 மில்லிமோல் ஆக்சலேட்டும் போனால், செறிவுகளின் பெருக்கம் ஏறத்தாழ 4 × 10⁻⁷. அந்த வரம்பைப் போல நூறு மடங்குக்கும் மேல்! புத்தகக் கணக்குப்படி எல்லோருக்குமே கல் வந்திருக்க வேண்டும். வராததற்குக் காரணம், சிறுநீரிலுள்ள சிட்ரேட் கால்சியத்தை ஓரளவு கட்டிப்போடுவதும், மெக்னீசியம் ஆக்சலேட்டை ஓரளவு கட்டிப்போடுவதும். அப்படியும் பலரின் சிறுநீர் மீதெவிட்டிய நிலையில்தான் (வரம்பைவிட அதிகம் கரைந்த நிலையில்) இருக்கும்; ஆனால் படிகம் வளர்வதை சிட்ரேட் தடுக்கிறது. எலுமிச்சைச் சாறு குடிக்கச் சொல்வது இந்த சிட்ரேட்டுக்காகத்தான்.

தண்ணீரின் பலனும் இதே கணக்குதான். சிறுநீரின் அளவு இரட்டித்தால் இரண்டு செறிவுகளும் பாதியாகும், பெருக்கம் கால்வாசியாகும். தினமும் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடியுங்கள். இதய நோய்க்காகவோ சிறுநீரகச் செயலிழப்புக்காகவோ நீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் இது பொருந்தாது.

உப்பைக் கட்டாயம் குறையுங்கள். சோடியம் கூடுதலாக வெளியேறும்போது கால்சியத்தையும் சிறுநீருக்கு இழுத்துவரும்.

பால், தயிரைச் சாப்பாட்டோடு திரும்பத் தொடங்குங்கள். எல்லா உணவும் சேர்ந்து நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம் கிடைத்தால் போதும். மாத்திரை வேறு கதை. வெறும் வயிற்றில் போட்டால் பிடிக்க ஆக்சலேட் இருக்காது, கால்சியம் மட்டும் சிறுநீரில் ஏறும். மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். கால்சியம், ஆக்சலேட், சிட்ரேட் மூன்றில் எது உங்களுக்குத் தகராறு என்று அதில் தெரியும். இடுப்பு வலியோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.